தடிப்பு வராத தட்டம்மை: டி செல்லைப் பற்றி நமக்குக் கற்பித்த நோயாளிகள்



அசாம் ஜாவா, ஈஜோக், ஜெராம் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்த பாட்டிமாரிடம் அம்மையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் வெளியாள் உள்ளே போகக்கூடாது என்பார்கள். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதைச் சொல்லுவாங்க. கூடவே இன்னொன்றும் சொல்லுவாங்க: “அம்மை நல்லா வெளியே போட்டுடணும், உள்ளேயே தங்கிட்டா ஆபத்து.”

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போக வேண்டாம். தட்டம்மை வந்தும் தோலில் தடிப்பே வராத பிள்ளைகளை 1950-களில் மருத்துவர்கள் கண்டார்கள். அந்தப் பிள்ளைகள் பிழைக்கவில்லை. ஏன் தடிப்பு வரவில்லை என்ற கேள்விக்கு விடை உடலின் ஒரு பெரிய காவல்படையில் இருந்தது. அதன் பெயர் டி செல், அதாவது டி உயிரணு.

படிவம் 4 உயிரியலில் எதிர்ப்பாற்றல் பாடம் படிக்கிற மாணவர்களுக்கு ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள், நன்றாகவே தெரியும். தடுப்பூசி என்றதும் ஆன்டிபாடி என்று எழுதிவிடுவார்கள். அது சரிதான், ஆனால் பாதி விடை. மீதிப் பாதியைக் கற்றுத்தந்தவர்கள் நோயாளிகள். எதிர்ப்பாற்றலில் ஏதோ ஒரு பகுதி இல்லாமல் பிறந்தவர்கள், இழந்தவர்கள், மருந்தால் அடக்கப்பட்டவர்கள். அவர்கள் வழியாகவே இந்த வரலாற்றைப் பார்ப்போம்.

ஒருமுறை வந்தால் மறுமுறை இல்லை

1846-இல் வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. அங்கே அப்போது 7,782 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 6,000 பேருக்கு நோய் வந்தது. நிலவரத்தை ஆராய டென்மார்க் அரசு பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவரை அனுப்பியது.

பானும் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அந்தத் தீவுகளில் அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781-இல். அப்போது சிறு பிள்ளையாக இருந்து நோய் கண்டவர்களில் சிலர் கிழவர்களாக இன்னும் உயிரோடு இருந்தார்கள். 65 ஆண்டுகள் கழித்தும் அவர்களுக்கு நோய் திரும்ப வரவில்லை. இடையில் தீவுக்குத் தட்டம்மையே வந்ததில்லை, ஆகவே உடலுக்கு நினைவூட்டவும் எதுவும் இல்லை. ஆனாலும் உடல் மறக்கவில்லை.

அந்த நினைவு உடலில் எங்கே இருக்கிறது? இதற்கு அறிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 1890-இல் பெர்லினில் எமில் ஃபான் பெஹ்ரிங்கும் ஜப்பானியரான கித்தசாத்தோவும் எதிர்ப்பாற்றல் பெற்ற விலங்கின் இரத்தநீரை இன்னொரு விலங்குக்குச் செலுத்தி நோயைத் தடுத்துக் காட்டினார்கள். ஆகவே நினைவு இரத்தநீரில் இருக்கிறது என்றது ஒரு கட்சி. பின்னாளில் ஆன்டிபாடி என்று நாம் படிப்பது இதுதான். “இல்லை, செல்தான் சண்டை போடுகிறது” என்றது ரஷ்யரான மெச்னிகோஃப் தலைமையிலான மறு கட்சி. 1908-இல் இரண்டு கட்சிக்கும் சேர்த்தே நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் அடுத்த அரை நூற்றாண்டில் ஆன்டிபாடியின் கைதான் ஓங்கியிருந்தது. அதை இரத்தத்திலிருந்து பிரித்து அளக்க முடிந்தது, ஊசியில் ஏற்றவும் முடிந்தது. செல் கட்சியிடம் அப்படிக் கையில் எடுத்துக் காட்ட எதுவும் இல்லை.

ஆன்டிபாடி இல்லாத பையன்

1952-இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன் 8 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவனுக்கு நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியா திரும்பத் திரும்ப இரத்தத்தில் கலந்து உயிருக்கு ஆபத்தாகிக்கொண்டே இருந்தது. இரத்தத்தைச் சோதித்தபோது ஆன்டிபாடிகள் அடங்கிய காமா குளோபுலின் என்ற புரதமே அதில் இல்லை. வெளியிலிருந்து அதை ஊசி வழியாகக் கொடுத்ததும் பையன் தேறினான்.

ஆன்டிபாடி கட்சிக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? ஆனால் இதே குறையுள்ள மற்றப் பிள்ளைகளைக் கவனித்தபோது ஒரு புதிர் முளைத்தது. பாக்டீரியா வந்தால் தவிக்கும் இந்தப் பிள்ளைகள், தட்டம்மை வந்தால் மற்றப் பிள்ளைகளைப் போலவே தடிப்பு போட்டு, சில நாளில் குணமானார்கள். சின்னம்மையும் அப்படியே. ஆன்டிபாடியே செய்ய முடியாத உடல் தட்டம்மையை எப்படி வென்றது?

எல்லா வைரஸுக்கும் இது பொருந்தாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். போலியோ போலக் குடல்வழியாக வரும் வைரஸ்கள் இந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்தானவையே. ஆன்டிபாடி வேண்டாத பொருள் அல்ல. ஆனால் அது தனியாள் அல்ல என்பது இங்கே தெரிந்தது.

தடிப்பு வராத தட்டம்மை

இதற்கு நேர் எதிரான காட்சி பாஸ்டன் நகரில் கிடைத்தது. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த பிள்ளைகளுக்குத் தட்டம்மைத் தொற்று வந்தால் நோயின் போக்கே மாறிப்போனது. மேலே பார்த்தால் தடிப்பு இல்லை. உள்ளே நுரையீரலில் பல செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பெரிய பெரிய செல்களாக உருமாறி, மூச்சை அடைத்தன. தட்டம்மை வைரஸை முதலில் ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டிய ஜான் எண்டர்ஸும் அவருடைய குழுவினரும் 1959-இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். சாதாரணமாகச் சில நாளில் மறைந்துவிடும் வைரஸ் இந்தப் பிள்ளைகளின் உடலில் நீண்ட நாள் தங்கியிருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு ஆன்டிபாடியும் சரியாக உருவாகவில்லை. அதனால்தான் இறந்தார்கள் என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. ஆன்டிபாடியே இல்லாத புரூட்டன் வகைப் பிள்ளைகள் குணமானார்களே! அப்படியானால் அவர்களிடம் இருந்த ஏதோ ஒன்று, புற்றுநோய்ப் பிள்ளைகளிடம் இல்லை. அதே ஒன்றுதான் தோலில் தடிப்பையும் உண்டாக்குகிறது.

இன்றைக்கு அதன் பெயர் நமக்குத் தெரியும். தட்டம்மைத் தடிப்பு வைரஸ் நேராகப் போடுவது அல்ல. தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் தொற்றுக்கு ஆளான செல்களை டி செல்கள் தாக்கும்போது சிவந்து எழுவதுதான் அந்தத் தடிப்பு. டி செல் இல்லையென்றால் தாக்குதல் இல்லை, தடிப்பும் இல்லை. வைரஸ் உள்ளேயே பெருகும். “வெளியே போட்டுடணும்” என்று நம்ம பாட்டிமார் சொன்னதில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட ஓர் உண்மை இருந்திருக்கிறது. வேப்பிலை டி செல்லை உண்டாக்கும் என்று இதற்குப் பொருள் கொண்டுவிடக் கூடாது, அது வேறு பேச்சு.

‘பயனில்லாத’ சுரப்பி

அந்தச் செல் எங்கே உருவாகிறது? விடை 1961-இல் லண்டனிலிருந்து வந்தது. மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிப்போகும். வளர்ந்த விலங்கிலிருந்து அதை வெட்டி எடுத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அதனால் அது வேலையில்லாத உறுப்பு என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர் எலிகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காகப் பிறந்தவுடனேயே எலிக்குஞ்சுகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார். அந்தக் குஞ்சுகள் கொஞ்ச நாளில் மெலிந்து, தொற்று பிடித்துச் செத்தன. அவற்றின் இரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் மிகக் குறைவாக இருந்தன. வேறு இன எலியின் தோலை ஒட்டினால்கூட உடல் அதைத் தள்ளிவிடவில்லை. தனது, பிறரது என்று பிரித்தறியும் படை பயிற்சி பெறும் பள்ளிக்கூடமே தைமஸ் என்பது இப்படித்தான் விளங்கியது. வளர்ந்த எலிக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணமும் புரிந்தது: அதற்குள் படித்து முடித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள்! டி செல்லின் பெயரில் உள்ள ‘டி’ இந்தச் சுரப்பியின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துதான்.

1965-இல் மனிதர்களிடமும் இது உறுதியானது. தைமஸ் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஏஞ்சலோ டி ஜார்ஜ் விவரித்தார். அதே ஆண்டு மேக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் கோழிக்குஞ்சுகளில் சோதனை செய்து, ஆன்டிபாடிக்கு ஒரு செல் வகை, தைமஸிலிருந்து வருவது இன்னொரு செல் வகை என்று பிரித்துக் காட்டினார்கள். 1908-இல் பரிசைப் பங்குபோட்ட இரண்டு கட்சியும் சரிதான் என்று ஆயிற்று.

வெளியே புகை, உள்ளே சோதனை

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? நம் ஊரில் டிங்கி பரவினால் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு குழு தாமானில் தெருத் தெருவாகப் புகை அடிக்கும். பறக்கிற கொசு சாகும். ஆனால் வீட்டுக்குள் பூச்சட்டித் தண்ணீரில் நெளியும் கொசுப்புழுவை அந்தப் புகை ஒன்றும் செய்யாது. அதற்கு இன்னொரு குழு வீடு வீடாக வந்து சோதிக்க வேண்டும்.

ஆன்டிபாடி புகை மாதிரி. இரத்தத்திலும் சளியிலும் வெளியே திரியும் வைரஸைப் பிடிக்கும், செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கும். வைரஸ் ஒருமுறை செல்லுக்குள் போய்விட்டால் அதன் கை எட்டாது. அங்கே வேலை டி செல்லுக்கு.

மூடிய செல்லுக்குள் வைரஸ் இருப்பது டி செல்லுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களின் சிறு துணுக்குகளைத் தட்டில் வைத்து வாசலில் காட்டுவதுபோலத் தன் மேற்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கிறது. தட்டில் அந்நியத் துணுக்கு தெரிந்தால் கொல்லும் வகை டி செல் அந்தச் செல்லையே அழித்துவிடும். தட்டையும் துணுக்கையும் சேர்த்தே டி செல் அடையாளம் காண்கிறது என்பதை ஆஸ்திரேலியாவின் கான்பெர்ரா நகரில் ரோல்ஃப் சிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் 1974-இல் வெளியிட்டார்கள். 1996-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

கொல்லும் வகைக்கு சி.டி.8 என்று பெயர். இன்னொரு வகை சி.டி.4. இது உதவும் வகை. கொல்லும் செல்லுக்கும் ஆன்டிபாடி செய்யும் செல்லுக்கும் வேலை ஏவுகிற மண்டோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டோர் இல்லாத தோட்டத்தில் என்ன நடக்கும் என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

மாற்றுச் சிறுநீரகம் கேட்ட விலை

1954-இல் பாஸ்டனில் ஜோசப் மரே ஒருவருடைய சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே உருவ இரட்டையர். அதனால் உடல் அதைத் தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டது. இரட்டையர் அல்லாத மற்றவர்களுக்கு? தைமஸில் படித்த அதே டி செல்கள் புதுச் சிறுநீரகத்தை அந்நியமாகக் கண்டு தாக்கும். ஆகவே அவற்றை அடக்க மருந்து வேண்டும். 1960-களில் அசத்தியோபிரின் வந்தது. 1970-களில் சுவிட்சர்லாந்தில் ஒரு மண்பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த சைக்லோஸ்போரின், டி செல்லையே குறிவைத்து அடக்கியது.

இந்தியாவில் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று 1971-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. நம் நாட்டில் 1975-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் நடந்தது. அன்றுமுதல் நம்மிடையேயும் எதிர்ப்பாற்றலைத் தெரிந்தே அடக்கிக்கொண்டு வாழும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

அதற்கு விலை உண்டு. நம்மில் பலருடைய உடலில் சில வைரஸ்கள் சின்ன வயதிலேயே புகுந்து சத்தமில்லாமல் தங்கியிருக்கின்றன. சைட்டோமெகலோ வைரஸ் ஒன்று, எப்ஸ்டீன்-பார் வைரஸ் இன்னொன்று. டி செல் தினமும் காவல் நிற்பதால் அவை அடங்கிக் கிடக்கின்றன. காவலை மருந்தால் தளர்த்தினால் எழுந்துவிடும். எப்ஸ்டீன்-பார் வைரஸால் நிணநீர்க் கட்டிகள்கூட வந்தன. 1984-இல் தாமஸ் ஸ்டார்சல் குழுவினர் ஒன்றைக் கவனித்து எழுதினார்கள். மருந்தின் அளவைக் குறைத்தால் அந்தக் கட்டிகள் சில நோயாளிகளிடம் சுருங்கி மறைந்தன. காவலர் திரும்ப வேலைக்கு வந்ததும் வைரஸ் ஒடுங்கியது.

நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு வரும் அக்கியும் இந்தக் கதைதான். சின்னம்மை வந்து போன பிறகும் அதன் வைரஸ் நரம்பில் ஒளிந்திருக்கும். வயதாகும்போதும் எதிர்ப்பாற்றல் அடங்கும்போதும் டி செல் காவல் தளர, அதே வைரஸ் அக்கியாக வெளிவரும். இரத்தத்தில் சின்னம்மைக்கான ஆன்டிபாடி இருந்தாலும் அக்கி வரும்.

சென்னை, 1986

மண்டோர் இல்லாத தோட்டத்துக்கு இப்போது வருவோம். 1981 ஜூன் 5-ஆம் தேதி அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் லாஸ் ஏஞ்சலிஸில் 5 இளைஞர்களுக்கு வந்த அரிய நிமோனியாவைப் பற்றிய குறிப்பை வெளியிட்டது. எதிர்ப்பாற்றல் அடங்கியவர்களுக்கு மட்டும் வருகிற நோய் அது. ஆனால் இவர்கள் எந்த மருந்தும் சாப்பிடாதவர்கள். இவர்களிடம் உதவும் வகை டி செல் வெகுவாகக் குறைந்திருந்தது. 1983-இல் பாரிஸில் அதற்குக் காரணமான வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அதுதான் எச்.ஐ.வி. அது நுழைவதே சி.டி.4 செல்லுக்குள்தான்.

“அது மேலை நாட்டு நோய், இங்கே வராது” என்று இந்தியாவில் பலரும் பேசிக்கொண்டிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு ஓர் ஆய்வுத் தலைப்பு கொடுத்தார்: சென்னையில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று தேடு. நிர்மலா சென்னையில் காவல் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் இரத்த மாதிரி சேகரித்தார். சோதனை வசதி வேலூரில்தான் இருந்தது. மாதிரிகளை ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார். 1986 பிப்ரவரியில் ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தெரிந்தது. இந்தியாவில் அதுவே முதல் கண்டுபிடிப்பு. மலேசியாவிலும் முதல் எச்.ஐ.வி. தொற்று பதிவானது அதே 1986-இல்.

நம் தலைப்புக்கு இது எப்படிப் பொருந்துகிறது? வேலூரில் செய்த அந்தச் சோதனை தேடியது வைரஸை அல்ல, வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடியை. அந்தப் பெண்களின் இரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தது. அதனால்தான் தொற்று தெரிந்தது. ஆனால் அந்த ஆன்டிபாடியால் வைரஸை விரட்ட முடியவில்லை. ஆன்டிபாடி இருக்கிறது என்றால் பாதுகாப்பு இருக்கிறது என்ற சமன்பாடு இங்கே உடைகிறது.

பிறகு மருத்துவர்கள் எண்ண ஆரம்பித்தது சி.டி.4 செல்லை. நலமாக உள்ளவருக்கு ஒரு கனமில்லிமீட்டர் இரத்தத்தில் 500 முதல் 1,500 வரை இருக்கும். 200-க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் நிலை. 50-க்கும் கீழே போனால் முன்பு சொன்ன சைட்டோமெகலோ வைரஸ் கண்ணைப் பறிக்கும் ஆபத்து வரும். 1996-இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. சி.டி.4 எண்ணிக்கை ஏற ஏற, இந்தக் கண்நோய் வெகுவாகக் குறைந்தது.

சுனிதி சாலமன் 1993-இல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிலையத்தைத் தொடங்கி, மற்றவர்கள் தொடப் பயந்த நோயாளிகளுக்குச் சிகிச்சை தந்தார். 2015-இல் மறைந்தார். 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கடன் வாங்கிய காவலர்கள்

இதுவரை பார்த்ததெல்லாம் இல்லாமையிலிருந்து அறிந்தது. டி செல் இல்லை, வைரஸ் வென்றது. எதிர்த் திசையில் ஒரு சான்று கிடைத்தால்தான் வாதம் முழுமையாகும்: டி செல்லைத் திருப்பிக் கொடுத்தால் வைரஸ் அடங்குமா?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்டான்லி ரிடெல், ஃபிலிப் கிரீன்பர்க் குழுவினர் இதைச் செய்தார்கள். எலும்புமஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்களுக்குப் பல மாதங்களுக்கு டி செல் குறைவாக இருக்கும். மஜ்ஜை கொடுத்தவரின் இரத்தத்திலிருந்து சைட்டோமெகலோ வைரஸை அறிந்த கொல்லும் டி செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, நோயாளிக்குச் செலுத்தினார்கள். 1995-இல் வெளியான முடிவின்படி 14 பேரில் ஒருவருக்குக்கூட அந்த வைரஸ் நோய் வரவில்லை. இன்னொன்றையும் கண்டார்கள். நோயாளியின் உடலில் உதவும் வகை சி.டி.4 தயாராகாவிட்டால், கடனாகக் கொடுத்த கொல்லும் செல்களின் வேகம் நாளடைவில் குறைந்துபோனது. கொல்லும் செல் இருந்தாலும் மண்டோர் வேண்டும்.

கோவிட் காலத்துக் கேள்வி

2021-இல் நம் வீடுகளில் கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கும். ‘ஊசி போட்டும் ஆன்டிபாடி காட்டலையாம், அப்புறம் எதுக்கு ஊசி?’

கேள்விக்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில் உறுப்பு மாற்று செய்துகொண்ட 658 பேரில், இரண்டு ஊசிக்குப் பிறகும் 54 விழுக்காட்டினருக்கு மட்டுமே ஆன்டிபாடி தெரிந்தது. ஆனால் ஆன்டிபாடி தெரியாத எல்லாரும் ஒரே நிலையில் இல்லை. எந்த மருந்து எந்தச் செல்லை அடக்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சில இரத்தப் புற்றுநோய்களுக்கும் தன் உடலையே தாக்கும் சில நோய்களுக்கும் தரப்படும் ஒரு வகை மருந்து, ஆன்டிபாடி வழங்கும் பி செல்லை மட்டும் துடைத்துவிடும். அத்தகையவர்களுக்கு ஊசிக்குப் பிறகு ஆன்டிபாடி மிகக் குறைவு, ஆனால் டி செல் நன்றாகவே விழித்துக்கொண்டது. 2021-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. கோவிட் கண்ட இரத்தப் புற்றுநோயாளிகளில் சி.டி.8 செல் அதிகம் இருந்தவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்று அது காட்டியது. சிறுநீரக மாற்று செய்தவர்களின் நிலை வேறு. அவர்களுடைய மருந்து டி செல்லையே அடக்குவதால் இரண்டு பக்கமும் பலவீனம். ஆனாலும் ஆன்டிபாடி இல்லாத சிலரிடம் டி செல் பதில் இருந்தது. ஆகவேதான் அவர்களுக்குக் கூடுதல் ஊசி பரிந்துரைக்கப்பட்டது.

டி செல் எவ்வளவு நாள் நினைவு வைத்திருக்கும்? பக்கத்துச் சிங்கப்பூரில் 2003-இல் சார்ஸ் நோயிலிருந்து மீண்டவர்களைச் சோதித்தபோது, 17 ஆண்டுகள் கழித்தும் அந்த வைரஸை அறிந்த டி செல்கள் அவர்களிடம் இருந்தன. 2020-இல் அந்த முடிவு வெளிவந்தது. ஃபாரோ தீவுக் கிழவர்களின் 65 ஆண்டு நினைவிலும் இந்தச் செல்களுக்கு ஒரு பங்கு உண்டு என்று இப்போது நாம் எண்ணிப் பார்க்க முடிகிறது.

நம் பள்ளிக்கு இதில் என்ன வேலை?

உங்கள் வகுப்பில் 35 மாணவர்கள் இருந்தால், அவர்களில் யாரோ ஒருவர் வீட்டில் மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் அப்பா இருக்கலாம். கீமோ எடுக்கும் தங்கை இருக்கலாம். லூப்பஸ் நோய்க்கு ஸ்டீராய்டு சாப்பிடும் அம்மா இருக்கலாம். நமக்கு நான்கு நாள் காய்ச்சலாகப் போகிற வைரஸ் அவர்களுக்கு அப்படிப் போகாது. பாஸ்டன் பிள்ளைகளைப் போல, மேலே அறிகுறியே காட்டாமல் உள்ளே வளரக்கூடும். ஆகவே நான்கு விஷயங்களைப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் சொல்லுங்கள்.

முதலாவது, சுற்றியிருப்பவர்கள் போடுகிற ஊசி. தட்டம்மைத் தடுப்பூசி உயிருள்ள, வலுக்குறைந்த வைரஸால் ஆனது. எதிர்ப்பாற்றல் மிகவும் அடங்கியவர்களுக்கு அதைப் போட முடியாது. அவர்களுக்குப் பாதுகாப்பு நாம் போட்டுக்கொள்வதுதான். நம் நாட்டு அட்டவணைப்படி 9-ஆம் மாதமும் 12-ஆம் மாதமும் குழந்தைக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது.

இரண்டாவது, தகவல். வகுப்பில் சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் இத்தகைய குடும்பங்களுக்கு அன்றைக்கே தெரிவித்துவிடுங்கள். தொற்று நெருங்கியவுடன் மருத்துவமனைக்குப் போனால் கொடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு. நாள் கடந்தால் பலன் குறையும்.

மூன்றாவது, மருந்தை நிறுத்தாமை. ‘எதிர்ப்புச் சக்தி குறையுதாமே’ என்று பயந்து மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் மாத்திரையைத் தாமாக நிறுத்தினால், விழித்துக்கொள்ளும் டி செல் முதலில் போய்த் தாக்குவது அந்தச் சிறுநீரகத்தைத்தான். மருந்தின் அளவைக் குறைக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவருடைய மருத்துவர். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படும் பொடிகளையும் அவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

நான்காவது, ஒதுக்காமை. வேப்பிலை கட்டிய வீட்டுக்கு வெளியாள் போகாமல் இருந்தது, அந்த வீட்டைக் காப்பதற்கும் ஊரைக் காப்பதற்கும். வீட்டாரை வெறுத்து அல்ல. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகிற அக்கம்பக்கம் அப்போதும் இருந்தது. முகக்கவரி போட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளையைக் கேலி செய்யாமல் இருப்பது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

அறிவியல் வரலாற்றைக் கட்டுரையில் எழுதும்போது ஆண்டுகளை மட்டும் அடுக்காதீர்கள். ஒரு கேள்வி, அதற்குக் கிடைத்த சான்று, அதனால் எழுந்த அடுத்த கேள்வி என்று கோத்து எழுதுங்கள். பயிற்சிக்காகக் கீழுள்ள மூன்றையும் எழுதிப் பாருங்கள்.

1. ஆன்டிபாடி இல்லாத பிள்ளைகள் தட்டம்மையிலிருந்து குணமானதும், இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகள் குணமாகாததும் சேர்ந்து எதை நிறுவுகின்றன? தனித்தனியாக எடுத்தால் அதே முடிவுக்கு வர முடியுமா?

2. ‘ஆன்டிபாடி இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது.’ சென்னை 1986 நிகழ்வைச் சான்றாகக் காட்டி இக்கூற்றை மறுத்து 120 சொற்களில் எழுதுக.

3. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அம்மைக் காலத்து வழக்கங்களைக் கேட்டு ஐந்தைப் பட்டியலிடுக. அவற்றில் எவை நோய் பரவாமல் தடுத்திருக்கும், எவை தடுத்திருக்காது என்று காரணத்துடன் பிரித்து எழுதுக.

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். தோட்டத்து லயங்களில் அம்மையை நேரில் பார்த்தவர்கள் நம் பக்கத்தில் இப்போது குறைந்துகொண்டே வருகிறார்கள்.